கொல்லன் செய்த நீராவி எஞ்சின்

செஞ்சிக் கோட்டையைக் காண வருகின்றவர்கள் இராசகிரியின் மேல் ஏறுவார்கள். கல்யாண மகாலின் அடுக்குகளை எண்ணுவார்கள். பிறகு ஊர் திரும்பிவிடுவார்கள். கோட்டையை அடுத்த வல்லம் என்னும் எங்கள் ஊருக்கு வருவதற்கு அவர்களுக்குக் காரணம் ஒன்றும் இல்லை. நான் பிறந்ததும் வளர்ந்ததும் அந்த ஊரில்தான். என் தந்தையார் அவ்வூர்க் கொல்லர். கலப்பைக்குக் கொழு அடிப்பதும், அரிவாளுக்குப் பல் வைப்பதும், மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதும் அவருடைய தொழில்.

பட்டா போடும் நாள் எங்களுக்குத் திருநாள் போன்றது. இரும்பு வளையத்தைத் தரையில் கிடத்தி, அதைச் சுற்றி வரட்டியை அடுக்கித் தீ மூட்டுவார்கள். வளையம் சிவந்து விரியும். நான்கு பேர் நான்கு குறடுகளால் அதைத் தூக்கி மரச்சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். குடம் குடமாக நீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி மரத்தை இறுகப் பற்றும்போது, சக்கரத்தின் மூட்டுகள் எல்லாம் முனகும். ஆணி ஒன்றும் இல்லாமலே பட்டா நின்றுவிடும்.

எங்கள் ஊரில் அந்நாளில் இருப்புப் பாதை கிடையாது. எனக்கு எட்டு வயதிருக்கும்போது, உறவினர் திருமணத்துக்காக என் தந்தையார் என்னை விழுப்புரத்துக்கு அழைத்துச் சென்றார். சந்திப்பு நிலையத்தில் காட்பாடிப் பக்கம் போகும் மீட்டர் பாதை வண்டியின் தலையில் ஒரு நீராவி எஞ்சின் பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றது. நான் புகைபோக்கியைப் பார்த்தேன். என் தந்தையாரோ குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். “தம்பி, சக்கரத்தின் ஓரத்தைப் பார்த்தாயா? அவனும் பட்டாதான் போட்டிருக்கிறான்!” என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. இரயில் எஞ்சினின் சக்கரத்துக்கும் எஃகு வளையத்தைச் சூடாக்கி, விரியச் செய்து, மாட்டிக் குளிர வைக்கிறார்கள். ஆனால் அன்று என் உள்ளத்தில் வேறொரு கேள்வி முளைத்தது. “அப்பா, நீங்கள் இதைச் செய்துவிட முடியுமா?” என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. “பிரித்துக் காட்டினால் செய்யலாம். நமக்கு யார் பிரித்துக் காட்டுவார்கள்?” என்றார்.

அக்கேள்விக்கு உரிய விடையை நான் பல ஆண்டுகளுக்குப் பின்னரே வரலாற்றில் கண்டேன். அதைத்தான் இன்று மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றின் கரையில் சீராம்பூர் என்னும் ஊர் இருக்கிறது. வில்லியம் கேரி முதலிய பாதிரிமார்கள் அங்கே அச்சுக்கூடமும் காகித ஆலையும் நடத்தினார்கள். காகிதக் கூழ் அரைக்கும் எந்திரத்தை முதலில் மனிதர்களே மிதித்துச் சுழற்றினார்கள். அவ்வேலையில் ஒருவர் விபத்தில் இறந்துபோனார். மனித உயிரைப் பலி வாங்கும் வேலையை நீராவியிடம் ஒப்படைப்பது என்று முடிவாயிற்று. இங்கிலாந்தின் போல்டன் நகரிலிருந்து 12 குதிரைத் திறன் உள்ள நீராவி எஞ்சின் ஒன்று தருவிக்கப்பட்டு, 1820-ஆம் ஆண்டில் அங்கே நிறுவப்பட்டது. சுற்று வட்டார மக்கள் அதை ‘நெருப்பு எந்திரம்’ என்று அழைத்து, கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள்.

அந்நெருப்பு எந்திரம் இயங்கிய இடத்துக்கு எதிர்க்கரைப் பக்கத்தில் உள்ளது தீட்டாகர் என்னும் ஊர். அங்கே கோலக் சந்திரர் என்ற கொல்லர் ஒருவர் வாழ்ந்தார். மற்றவர்கள் பார்த்து வியந்த எந்திரத்தை அவர் பார்த்துப் பயின்றார். தம் உலைக்களத்தில் தாமே ஒரு சிறிய நீராவி எஞ்சினைச் செய்து முடித்தார். 1828-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், கல்கத்தாவின் வேளாண்மை, தோட்டக்கலைச் சங்கத்தின் கூட்டத்தில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. ஐரோப்பியர் எவருடைய உதவியும் இல்லாமல் செய்யப்பட்டது என்பதைக் குறிப்பிட்டு, சங்கத்தார் அவருக்கு 50 ரூபாய் பரிசளித்தார்கள்.

இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீவன்சனின் ‘ராக்கெட்’ எஞ்சின் ரெயின்ஹில் போட்டியில் வெற்றி பெற்றது 1829-இல். அதற்கு ஓராண்டு முன்னரே, பள்ளியில் பொறியியல் படிக்காத இந்தியக் கொல்லர் ஒருவர் நீராவி எஞ்சினைச் செய்துவிட்டார். அவருக்கு எவரும் பிரித்துக் காட்டவில்லை. நேரில் கண்டதே அவருக்குப் போதுமானதாயிற்று.

அவர் தனியொருவரும் அல்லர். பம்பாயில் கப்பல் கட்டும் வாடியா குடும்பத்தில் 1808-இல் பிறந்தவர் அர்தசீர் கர்சேட்ஜி. தம் 25-ஆவது வயதில், அதாவது 1833-இல், அவர் ஒரு குதிரைத் திறன் உள்ள சிறிய நீராவி எஞ்சினைச் செய்தார். அது கிணற்றிலிருந்து நீரை இறைத்து ஒரு நீரூற்றுக்கு அளித்தது. 1841-இல் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு அவர் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. பம்பாய்க்கும் தானாவுக்கும் இடையே நம் நாட்டின் முதல் பயணிகள் இரயில் ஓடியது 1853-இல். நம் தென்னாட்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு இரயில் ஓடியது 1856-இல். இரயில் வருவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே நீராவியை ஏவல் கொள்ளும் கைகள் இந்நாட்டில் இருந்தன என்பதை இவ்விரு வரலாறுகளும் காட்டுகின்றன.

அப்படியானால் அக்கைகளுக்கு என்ன வேலை கொடுக்கப்பட்டது? இங்கேதான் நம் நெஞ்சு சற்றுக் கனக்கிறது. இந்தியாவில் முழுவதும் செய்யப்பட்ட முதல் இரயில் எஞ்சின் 1895-இல்தான் அஜ்மீர் பட்டறையிலிருந்து வெளிவந்தது. பின்னர் 1899-இல் ஜமால்பூர் பட்டறையும் எஞ்சின் செய்யத் தொடங்கியது. ஆயினும் 1941 வரையில் இங்கே செய்யப்பட்ட எஞ்சின்கள் ஏறத்தாழ 700. பிரிட்டனிலிருந்து இறக்குமதியானவையோ ஏறத்தாழ 12,000. பழுது பார்ப்பதற்கு நம் கை வேண்டியிருந்தது. புதிதாகப் படைப்பதற்கு அது வேண்டாததாயிற்று. நாடு விடுதலை பெற்று, 1950-இல் சித்தரஞ்சன் தொழிற்சாலை எஞ்சின் செய்யத் தொடங்கிய பிறகே நிலைமை மாறியது.

இவற்றையெல்லாம் படித்தபோது, என் தந்தையாரின் மௌனத்துக்குப் பொருள் விளங்கிற்று. அவர் அப்போது உயிரோடு இல்லை. பட்டறைத் தொழில் கற்பிக்கும் வேலையிலிருந்து நானும் ஓய்வு பெற்றிருந்தேன். கோலக் சந்திரர் செய்ததை நான் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. வீட்டின் பின்கட்டில் தந்தையாரின் பழைய பட்டறை இருந்தது. அடைகல்லும் சிராவியும் குறடுகளும் அங்கேயே கிடந்தன. பழைய கடைசல் எந்திரம் ஒன்றை வாங்கி அவற்றுக்குத் துணையாக வைத்தேன். மூன்றரை அங்குல அகலத் தண்டவாளத்தில் ஓடக்கூடிய, நான்கு சக்கரங்கள் உள்ள சிறிய நீராவி எஞ்சின் ஒன்றைச் செய்யத் தொடங்கினேன்.

“இது விளையாட்டுப் பொம்மைதானே?” என்று சிலர் கேட்டார்கள். நீராவியின் வரலாற்றை அறிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். ஏனெனில் பெரிய எஞ்சினுக்குப் பாடம் சொன்னதே சிறிய எஞ்சின்தான்.

1763-ஆம் ஆண்டின் இறுதியில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் வாட் கருவிகள் செய்பவராக இருந்தார். சுரங்கத்திலிருந்து நீர் இறைக்க நியூகோமன் 1712-இல் அமைத்த எஞ்சினின் மாதிரி ஒன்று, பழுது பார்க்க அவரிடம் வந்தது. பழுது நீக்கிய பிறகும் அது சில அடிகள் அடித்துவிட்டு நின்றுவிடும். கொதிகலனிலிருந்து வரும் நீராவி போதவில்லை. வாட் இதற்குக் காரணம் தேடினார்.

ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைப் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைத்தால், அதன் மேற்பரப்பு 144-இல் ஒரு பங்காகும். கொள்ளளவோ 1,728-இல் ஒரு பங்காகிவிடும். ஆகவே சிறிய உருளைக்குள் இருக்கும் நீராவியைச் சுற்றி, அதன் அளவுக்குப் பொருந்தாத அளவு பெரிய குளிர்ந்த சுவர் நிற்கிறது. நியூகோமன் எஞ்சினில் ஒவ்வோர் அடிக்கும் உருளையைக் குளிர வைத்து, மறுபடியும் சூடாக்க வேண்டும். இந்த வீண் செலவு பெரிய எஞ்சினிலும் இருந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. சிறிய மாதிரியில் அது வெளிப்பட்டுவிட்டது. நீராவியைக் குளிர வைக்கத் தனியே ஓர் அறை வேண்டும் என்ற எண்ணம் 1765-இல் வாட்டுக்கு உதித்தது. தொழிற்புரட்சியின் பெருங்கதவு ஒரு மாதிரியின் கோளாற்றால் திறந்தது எனலாம்.

வாட்டின் நிறுவனத்தில் வேலை பார்த்த வில்லியம் மர்டாக், 1784-இல் நீராவியால் ஓடும் மூன்று சக்கரச் சிறுவண்டி ஒன்றைச் செய்து ஓட்டினார். வாட் அம்முயற்சியை ஊக்கவில்லை. ஆயினும் கார்ன்வால் நாட்டைச் சேர்ந்த ரிச்சர்டு டிரெவிதிக், முதலில் சிறு மாதிரிகளைச் செய்து பழகி, 1804-இல் இரும்புப் பாதையின் மேல் 10 டன் இரும்பையும் 70 ஆட்களையும் எஞ்சினால் இழுத்துக் காட்டினார்.

இனி என் எஞ்சினுக்கு வருகிறேன். சக்கரங்களை ஒரு வார்ப்படச் சாலையில் வார்த்து வாங்கி, நானே கடைந்தேன். உருளையைத் துளைப்பதும், ஆடுதண்டை அதற்குப் பொருத்தமாகக் கடைவதும், நீராவியை முன்னும் பின்னும் மாற்றி அனுப்பும் சறுக்கு வால்வைத் தேய்த்துச் சமனாக்குவதும் பொறுமையைக் கேட்கும் வேலைகள். ஆனால் அச்சம் தரும் வேலைகள் அல்ல. தவறினால் ஓர் உலோகத் துண்டு வீணாகும், அவ்வளவுதான். கொதிகலன் அப்படிப்பட்டதன்று.

என் கொதிகலன் மூன்று அங்குல விட்டமுள்ள செப்புக் குழாய். பார்வைக்கு ஒரு செம்பு போலத்தான் இருக்கும். அதில் சதுர அங்குலத்துக்கு 80 இராத்தல் அழுத்தம் ஏறும்போது, அதன் முகத்தகட்டின் மேல் ஏறத்தாழ 565 இராத்தல் விசை மோதுகிறது. அது மூன்று நெல் மூட்டைகளின் எடைக்கு மேல். உள்ளே இருக்கும் நீரின் வெப்பமோ 160 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல். மூட்டு பிளந்தால், அந்நீர் அக்கணமே பன்மடங்காக விரிந்து நீராவியாகிச் சீறும். ஆகையால்தான் புதிய கொதிகலனில் முதலில் நெருப்பு மூட்டுவதில்லை. குளிர்ந்த நீரை முழுவதும் நிரப்பி, கைப்பம்பால் வேலை அழுத்தத்தைப் போல் இரு மடங்கு ஏற்றிப் பார்க்கிறார்கள். நீர் சுருங்காத பொருள். எனவே மூட்டு விட்டுப்போனாலும் ஒரு சொட்டு கசியுமேயன்றி வெடிக்காது.

என் கொதிகலனுக்கு 160 இராத்தல் ஏற்ற வேண்டும். 120-இல் ஒரு முத்துப் போல நீர் துளிர்த்தது. நெருப்பறையின் பக்கத் தகட்டைத் தாங்கும் ஆணி ஒன்றின் அடியில் அந்தக் கசிவு இருந்தது. பல மாத உழைப்பு அது. பொங்கலுக்கு எஞ்சின் ஓடும் என்று தெருப்பிள்ளைகளுக்கு வாக்களித்திருந்தேன். கசிந்த இடத்தின் மேல் சிறிது ஈயப் பற்று வைத்தால் போதும், நீர் நின்றுவிடும். வெளியே தெரியவும் தெரியாது. ஈயத்தைக் கையில் எடுத்தும்விட்டேன்.

அப்போது டிரெவிதிக்கின் இன்னொரு கதை நினைவுக்கு வந்தது. 1803-இல் இலண்டனை அடுத்த கிரீனிச்சில் அவருடைய நீர் இறைக்கும் எஞ்சின் ஒன்றின் கொதிகலன் வெடித்தது. காவல் இருக்க வேண்டியவர் கவனிக்காமல் விட்டதே காரணம். நால்வர் மாண்டார்கள். டிரெவிதிக் தம் மேல் பிழை இல்லை என்று சொல்லிக்கொண்டு இருந்துவிடவில்லை. மனிதர் கவனம் தவறினாலும் கொதிகலன் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் வழியைத் தேடினார். அதன் பின் தம் கொதிகலன்களுக்கு இரண்டு காப்பு வால்வுகளை வைத்தார். நெருப்புக்கு மேலுள்ள தகட்டில் ஓர் ஈயச் செருகையும் வைத்தார். நீர் குறைந்து தகடு சூடேறினால் ஈயம் உருகி வழிவிடும். நீராவி பாய்ந்து நெருப்பை அடக்கும்.

சூடேறினால் உருகிவிடும் என்பதற்காக அவர் தேர்ந்த அதே ஈயத்தை, உறுதி தருவதற்காக நான் பூசப் போகிறேன்! இதை நினைத்ததும் என் கை தானாகத் தாழ்ந்தது. பொங்கலன்று எஞ்சின் ஓடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் முகம் வாடியதைப் பார்ப்பது எளிதாக இல்லை.

கசிவுக்குக் காரணம் என்ன? எங்கள் பக்கத்தில் பித்தளை, செம்புப் பாத்திரங்கள் செய்யும் கன்னார் பெரியவர் ஒருவர் இருந்தார். கொதிகலனை அவரிடம் கொண்டுபோனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் தட்டிக் கேட்டார்.

“பற்றாசு என்ன வைத்தீர்கள்?” என்றார்.

“வெள்ளிப் பற்றாசுதான், ஐயா. வெண்காரமும் தாராளமாகப் போட்டேன்.”

“எங்கே சூடு காட்டினீர்கள்?”

“மூட்டின் மேல்தான்.”

அவர் சிரித்தார். “அங்கேதான் பிசகு, தம்பி. செம்பு சூட்டைத் தின்கிற உலோகம். நீங்கள் இங்கே கொடுத்ததை அது அங்கே கொண்டுபோய்விடும். மூட்டைச் சூடாக்கக் கூடாது. பாத்திரத்தையே சூடாக்க வேண்டும். சுற்றிலும் கரியைப் போட்டு முழுவதும் சிவக்கட்டும். பற்றாசு தானே ஓடி மூட்டுக்குள் புகும். நீங்கள் அதைத் தேய்க்கவே வேண்டாம்.”

வெப்பம் கடத்தும் திறன் பற்றி நான் ஆண்டுக்கணக்கில் வகுப்பில் பேசியிருக்கிறேன். அவர் ஒரு வகுப்பிலும் உட்கார்ந்தவர் அல்லர். ஆயினும் அன்று ஆசிரியராக இருந்தவர் அவரே. கோலக் சந்திரருக்கு எங்கிருந்து அறிவு வந்தது என்ற வினாவுக்கும் அன்றே எனக்கு விடை கிடைத்தது. சீராம்பூர் எந்திரம் அவருக்குப் புதிது. ஆனால் இரும்பும் செம்பும் நெருப்பும் அவருக்குப் புதியவை அல்ல. தலைமுறை தலைமுறையாக வந்த கைப்பழக்கத்தின் மேல் ஒரு புதிய கருத்து வந்து அமர்ந்தது; எஞ்சின் பிறந்தது.

இரண்டாவது கொதிகலனைத் தொடங்கினேன். புதிய செப்பு, புதிய தகடுகள், புதிய ஆணிகள். தந்தையாரின் உலையிலேயே கரியை மூட்டம் போட்டு, பெரியவர் சொன்னபடி முழுவதையும் செந்நிறமாக்கினேன். பற்றாசு நீரைப் போல் ஓடி மூட்டுகளுக்குள் மறைந்தது. பம்பை அழுத்தினேன். 120 கடந்தது, 160-க்கு வந்தது. அரை மணி நேரம் முள் அசையவில்லை. எங்கும் ஒரு துளி ஈரமும் இல்லை.

பிறகுதான் நெருப்பு. கட்டைக்கரியைப் பற்ற வைத்தேன். முதலில் துருத்தியால் ஊத வேண்டியிருந்தது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் துருத்திக்கு வேலை இல்லாமல் போயிற்று. உருளையில் வேலை முடிந்து வெளியேறும் நீராவி, புகைபோக்கியின் வழியே பாய்கிறது. பாயும்போது நெருப்பின் புகையையும் உடன் இழுத்துச் செல்கிறது. அதனால் புதுக்காற்று நெருப்புக்குள் புகுகிறது. எஞ்சின் தன் துருத்தியைத் தானே ஊதிக்கொள்கிறது! விரைவாக ஓடினால் ஊதுவதும் விரைவாகும். நாம் கேட்கும் அந்தச் ‘சுக் சுக்’ ஒலி அதன் துருத்தியின் ஒலிதான். இரண்டு உருளைகள் உள்ள எஞ்சினில், சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு அவ்வொலி நான்கு முறை எழும்.

இவ்வளவு சிறிய எஞ்சின் மனிதனை இழுக்குமா என்ற ஐயம் உங்களுக்கு வரலாம். இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் அந்த ஐயம் இருந்தது. 1922 முதல் 1924 வரை அந்நாட்டுச் சிற்றெஞ்சின் அன்பர்களிடையே இது பற்றிப் பெரிய வாதம் நடந்தது. பெரிய எஞ்சினைப் போலவே நெருப்பறையும் தீக்குழாய்களும் அமைந்த கொதிகலன், சிறிய அளவில் பயன்படாது என்று பலர் நம்பினார்கள். ‘எல்.பி.எஸ்.சி.’ என்ற புனைபெயரில் எழுதிய ஒருவர், இரண்டரை அங்குலத் தண்டவாளத்தில் ஓடும் நிலக்கரி எஞ்சின் ஒன்றைச் செய்து, அது மனிதரை இழுப்பதைக் கண்முன் காட்டினார். வாதம் ஓய்ந்தது. சொல்லால் முடியாத வழக்குகள் சில, செய்து காட்டினால் முடிந்துவிடுகின்றன.

வீட்டின் பின்புறத்தில் 60 அடி நீளத்துக்குத் தண்டவாளம் போட்டிருந்தேன். தாழ்வான பலகை வண்டி ஒன்றை எஞ்சினுக்குப் பின்னே மாட்டி, அதில் நான் உட்கார்ந்தேன். வால்வைச் சிறிது திறந்தேன். எஞ்சின் ஒரு முறை நடுங்கியது. உருளையில் தங்கிய நீரைத் துப்பியது. பிறகு என்னை இழுத்துக்கொண்டு புறப்பட்டது. வேலி ஓரத்தில் நின்ற பிள்ளைகள் எழுப்பிய கூச்சலில் அதன் ஒலியே எனக்குக் கேட்கவில்லை. கன்னார் பெரியவர் மட்டும் பேசாமல் நின்றார். வண்டி நின்றதும் அருகே வந்து, கொதிகலனின் மூட்டைக் குனிந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

இந்திய இரயில்வேக்காக நீராவி எஞ்சின் செய்வது 1972-இல் சித்தரஞ்சனில் முடிவுற்றது. ஆனால் கலை முடிவுறவில்லை. நீலகிரி மலைப்பாதையின் பல்சக்கர எஞ்சின்கள் முன்பு சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரிலிருந்து வந்தவை. அவை முதுமை அடைந்தபோது, திருச்சிராப்பள்ளியின் பொன்மலைப் பட்டறையார் 2010-க்குப் பின்வந்த ஆண்டுகளில் அவ்வகை எஞ்சின்களைப் புதிதாகவே செய்தார்கள். முதலில் எண்ணெயால் எரிபவற்றைச் செய்தார்கள். 2021-இல் நிலக்கரியால் எரிவதையும் செய்து வெளியிட்டார்கள். நூறாண்டுகள் பழுது பார்த்த கைகள், வாய்ப்பு வந்தபோது படைத்தும் காட்டின.

மாணவ நண்பர்களே, கோலக் சந்திரருக்கு வரலாற்று நூல்களில் கிடைத்திருப்பது ஓரிரு வரிகளே. அந்த வரிகளைத் தேடிப் படியுங்கள். படித்ததோடு நில்லாமல், உங்கள் ஊரில் உலோகத்தோடு பழகுகின்ற ஒருவரிடம் போய், அவர் செய்யும் வேலையைப் பாருங்கள். ஏன் அப்படிச் செய்கிறார் என்று கேளுங்கள். பிரித்துக் காட்ட ஆள் இல்லை என்று என் தந்தையார் சொன்னார். இன்று பிரித்துக் காட்டுவோர் இருக்கிறார்கள், கேட்போர்தான் வேண்டும்.

என் பட்டறைக்கு நீங்கள் வந்தால், இரண்டு பொருள்களைக் காட்டுவேன். ஒன்று, ஓடும் எஞ்சின். மற்றொன்று, அதற்கு மேலே பரணில் இருக்கும் முதல் கொதிகலன். அது கசிந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். வருகின்ற பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது அந்த வட்டத்தைத்தான்.